நான்காவது துணைத்தேற்றம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேனர். பரீட்சைத் தாளை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தால் போதும். மைனஸ் குறி எந்த வரியில் தொலைந்தது, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். கல்யாணம் நாலே வருடத்தில் முடிந்துபோனது, அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஒரு டிக் போட்டாள். அது ஒரு குடும்பத்தையே சாய்த்துவிட்டது. "போயும் போயும் ஒரு டிக்கா?" என்பீர்கள். ஆமாம், ஒரு டிக்தான்.

அவளுடைய அண்ணன் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளராக இருந்தவர். அங்கே அவருக்குப் பெயர் டைல்ஸ்காரர். கரும்பலகை கிடைத்துவிட்டால் கட்டம் கட்டமாக வரைந்து தள்ளிவிடுவார். அவர் கட்டிக்கொண்டு அழுத விஷயத்துக்கு குரூப்பாய்டு என்று பெயர். பெயரைக் கேட்டு ஓடிவிட வேண்டாம், விஷயம் லேசுதான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறீர்கள். போன வழியே திரும்பி வரலாம். ஒரு வழி முடியும் இடத்தில் இன்னொரு வழி தொடங்கினால் இரண்டையும் சேர்த்து ஒரே வழியாக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். கல்லூரிக் கணக்கில் எல்லோரும் படிக்கிற குலம், அதாவது குரூப், என்பதில் எங்கே சுற்றினாலும் புறப்பட்ட அதே வாசலுக்கு வந்து சேர வேண்டும், குரூப்பாய்டில் வாசல்கள் பல.

அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. வழிகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் என்றார். கட்டத்தோடு கட்டத்தைப் பக்கவாட்டில் ஒட்டலாம், மேலும் கீழுமாகவும் அடுக்கலாம். நாலு கட்டத்தைப் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு அடுக்கினாலும், அடுக்கிவிட்டு ஒட்டினாலும் விடை ஒன்றாக வர வேண்டும், அதுதான் சட்டம். அதற்கு மேலே கனசதுரம், அதற்கும் மேலே படம் போட முடியாத பரிமாணங்கள். இதிலேயே பதினொரு வருடம் போனது. ஐந்தாவது வருடம் துறைத்தலைவர் கூப்பிட்டு, "சார், இந்தக் கட்டத்தை மூட்டை கட்டிட்டு ஒழுங்கா பாடம் நடத்துங்க" என்றார். அண்ணன் வீட்டுக்கு வந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணியின் தையல் மெஷினால்தான்.

முன்னறையில் பாதி மெஷின், பாதி அவர் மேசை. பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் அடுக்கி அடுக்கி, சில நாள் மேசைமேலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் அதற்கு அடியில் காகிதத்தை நுழைத்து எழுதுவார். தங்கை அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாடி ஏறிவிடுவாள்.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். அண்ணன் ஒரு கணக்கைப் பக்கவாட்டிலிருந்து போடுவார். தங்கை அதைப் பார்க்காமல் மேலிருந்து கீழே அடுக்கிப் போடுவாள். இரண்டும் ஒத்துவந்தால் ஓரத்தில் ஒரு பச்சை டிக். டிக் விழாமல் அண்ணன் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டார். "ஒரே ஆளு ரெண்டு தடவை போட்டா, அதே தப்ப ரெண்டு தடவை போடுவான். வேற ஆளு வேணும், வேற திசையும் வேணும்" என்பார். கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் பெயர் எதற்கு என்று யாரோ கேட்டபோது அவருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

பதினோராவது வருடம் விடிவு வந்தது. நூற்றுப் பத்துப் பக்கக் கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அதைப் பார்த்த ஓர் ஆய்வு நிறுவனம், வெள்ளிக்கிழமை வந்து ஓர் உரை நிகழ்த்துங்கள், வேலை உங்களுக்குத்தான் என்று எழுதியது. நாற்பத்தொன்பது வயதில் வேலை! அண்ணி கடிதத்தை மெஷின்மேல் வைத்து மூன்று தடவை படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது, ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடு, அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள்.

புதன்கிழமை அச்சுப்படிகள் வந்தன. பிழை திருத்தும் வேலை வழக்கம்போல ஸ்கேனருக்கு. கடைசி மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தாள். அச்சில் பார்க்கும்போது எதுவுமே புதிதாகத் தெரியும், நம் கையெழுத்தில் கண்ணுக்குப் பழகிப்போனது அச்சில் வந்து உறுத்தும். பெரிய தேற்றத்துக்கு ஏணிப்படியாக வைக்கிற சின்னத் தேற்றங்களில் ஒன்றான நான்காவது துணைத்தேற்றத்தில் அவள் பேனா நின்றது.

'எல்லா வாசல்களையும் ஒரே புள்ளிக்கு இழுத்துக்கொள்ளலாம், கட்டங்களின் விளிம்புகளையும் அதிலேயே சுருக்கிக்கொள்ளலாம், இதனால் எந்த இழப்பும் இல்லை' என்று ஒரு வரி. வெறும் வழிகளாக இருந்தால் இழுத்துக்கொள்ளலாம், இந்தத் துறையில் எல்லோரும் கைப்பழக்கமாகச் செய்கிற காரியம். கட்டங்களுக்கு? அவள் வருகைச் சீட்டு நாலு எடுத்தாள். ஒன்றில் 'அ', ஒன்றில் 'ஆ' என்று எழுதினாள். மற்ற இரண்டும் வெற்றுச் சீட்டு. எல்லாம் ஒரே புள்ளிக்குச் சுருங்கிவிட்டால் வெற்றுச் சீட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், விடை மாறாது. அ இடது, ஆ வலது. அவற்றைச் சுற்றி வெற்றுச் சீட்டுகளைப் போட்டு அ-வை மேலே தள்ளினாள், ஆ-வைக் கீழே. இப்போது அ-வுக்கு அடியில் ஆ. மறுபடி அ-வை வலப்பக்கம், ஆ-வை இடப்பக்கம். ஆ இடது, அ வலது! விடை மாறவேயில்லை, ஆனால் இரண்டும் இடம் மாறிவிட்டன.

சீட்டுகளைக் கலைத்துவிட்டு இன்னொரு தடவை அடுக்கினாள், அதேதான். எதை முன்னால் வைத்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. கட்டுரை முழுக்க, வரிசை மாறினால் விடை மாறுகிற பொருள்களைப் பற்றியது. அப்படிப்பட்ட பொருள் ஒன்றுகூட இந்த வரிக்கு அப்புறம் மிச்சமில்லை. நூற்றுப் பத்துப் பக்கமும் ஆளே இல்லாத வீட்டுக்குப் போட்ட வரைபடம்.

மேலிருந்து கீழே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் பத்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவள் ஏன் பார்க்கவில்லை? எல்லாம் நினைவுக்கு வந்தது. ஏழு வருடத்துக்கு முன், ஆண்டுத் தேர்வுத் தாள் முந்நூறு மேசையில் கிடந்த வாரம். அண்ணன் மாடியிலிருந்து, "அந்த நாலாவது என்னாச்சும்மா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். லேசான ஒன்றுதானே, அண்ணன் போட்டால் தப்பாகவா போகப்போகிறது என்று, தாள் திருத்துகிற கையோடு பச்சைப் பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டாள். அப்புறம் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்று மாடி ஏறினாள். அண்ணன் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். அண்ணி வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு பேண்ட் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வா டீச்சரம்மா! உங்க அண்ணன் இளைச்சே போயிட்டாரு பாரு, இடுப்புல ரெண்டு விரல் உள்ள தள்ள வேண்டியிருக்கு."

"அச்சுப்படி எப்படிம்மா இருக்கு? தப்பு நிறையவா?" என்றார் அண்ணன்.

"இருக்கு, அண்ணா. கொஞ்சம்..."

"வெள்ளிக்கிழமை முடியட்டும், சேர்ந்து உக்காந்து பாப்போம். இப்ப உரைதான் முக்கியம். அங்க வர்றவங்க எல்லாருக்கும் இது தெரியாது, படம் போட்டே சொல்லிடலாம்னு இருக்கேன்."

அண்ணி சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! தங்கை நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கிவிட்டாள். மறுநாள் முழுக்கப் பாடத்துக்கு நடுவே ஓட்டையை அடைக்கப் பார்த்தாள். வாசல்களைப் பலவாகவே விட்டுவிட்டால் கணக்கு உயிரோடு இருக்கிறது, ஆனால் நாலாவதுக்கு அப்புறம் ஒரு வரிகூட நிற்கவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இன்னும் ஒரு பத்து வருடம். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பூமியில் இதைப் படிக்கப்போகிறவர்கள் ஏழெட்டுப் பேர், ஆய்விதழுக்காகப் படித்துப் பார்த்த இரண்டு மதிப்பீட்டாளர்களே கண்டுபிடிக்கவில்லை, வேலையில் சேர்ந்துவிட்டால் சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன் டிக் வெளியே வந்துவிடுமே என்ற பயமும் அதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். முக்கால் மணி நேரம். அண்ணன் குழந்தை மாதிரிப் பேசிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உரை அறையில் இருபது பேர் இருந்தார்கள். அவள் கடைசி வரிசை. அண்ணன் முதல் அரைமணி நேரம் அருமையாகப் பேசினார். வழிகள், திரும்பி வருவது, கட்டங்கள், நாலு கட்டச் சட்டம். பல பேர் தலையாட்டினார்கள். பிறகு, "இங்கே ஒரு சின்ன வசதி செய்துகொள்கிறோம்" என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு இழுத்தார். நாலு கட்டம் வரைந்தார். ஒன்றில் அ, ஒன்றில் ஆ. மற்ற இரண்டையும் வெறுமனே விட்டார். பதினொரு வருடத்தில் இந்த ஓர் இடத்தை மட்டும் அவர் எழுத்தாகத்தான் எழுதியிருக்கிறார், படமாக வரைந்ததே இல்லை.

சாக்பீஸ் நின்றது. அரை நிமிடம். அ-வை அழித்து மேலே எழுதினார். ஆ-வை அழித்துக் கீழே எழுதினார். மறுபடி அழித்தார், மறுபடி எழுதினார். பிறகு, எப்போதும் சந்தேகம் வந்தால் திரும்புவதுபோல, தங்கை பக்கம் திரும்பினார். இல்லை என்று சொல்லேன் என்று கேட்கிற முகம் அது.

அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை அவர் பார்த்துவிட்டார். அவளுக்குச் செத்தே போய்விடலாம் போல இருந்தது.

அண்ணன் சாக்பீஸை வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். "மன்னிக்கணும். நான்காவது துணைத்தேற்றம் தவறு. ஆகவே இந்தத் தேற்றம் எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். குரல் பிசிறவில்லை. யாரோ ஒருவர், "பரவாயில்லை சார், உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று எழுந்து வந்தார். மற்றவர்கள் தலைகுனிந்து பேனாவைப் பார்த்தார்கள். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் நடந்தபோது கேட்டார்.

"எப்ப பாத்தே?"

"புதன்கிழமை. சொல்லணும்னுதான் மாடிக்கு வந்தேன் அண்ணா, அண்ணி சிரிச்சிட்டு இருந்தாங்க..."

"சரி. அது போகட்டும்." நாலு அடி நடந்தார். "அந்த டிக் போட்டப்ப, நீ போட்டுப் பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். போட்டேன், நானும் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், மனிதர் அப்படி.

"இல்லண்ணா."

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவள் பிழைத்திருப்பாள்! பஸ்ஸில் திரும்பும்போது சீட்டு காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

மூன்று வாரம் அவள் மாடி ஏறவில்லை. அண்ணன் ஒரு டியூஷன் நிலையத்தில் சேர்ந்துவிட்டார், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார் என்று படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒருவர் சொல்லித்தான் தெரியும். மெஷின் சத்தம் மட்டும் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது, முன்னைவிட அதிக நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கீழே வந்தாள். கையில் ஓர் உறை. ஆய்விதழுக்குப் போகிற கடிதம், பெயர் போட்ட இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். அண்ணனின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது.

கடிதம் ஆறே வரி. நான்காவது துணைத்தேற்றம் தவறு, பிழை முழுவதும் முதல் ஆசிரியருடையது. கடைசி வரி: 'இரண்டாம் ஆசிரியரின் பெயர் குடும்பப் பாசத்தால் சேர்க்கப்பட்டது. இந்தக் கட்டுரையில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை.'

"நேத்துதான் எனக்குப் படிச்சுக் காட்டினாரு" என்றாள் அண்ணி. கண் சிவந்திருந்தது, அழுதா, நூல் கோர்த்தா தெரியவில்லை. "எவ்வளவு பெரிய மனசு பாரு. எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டு உன் பேரைக் காப்பாத்திட்டாரு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, மேல வந்துட்டுப் போ."

அண்ணிக்கு அப்படித்தான் தோன்றும். தங்கைக்குத் தன் அண்ணனைத் தெரியும். வீட்டில் ஆயிரம் விட்டுக்கொடுப்பார், ஆனால் கணக்கென்று எழுத உட்கார்ந்துவிட்டால் யாரைக் காப்பாற்றவும் அவர் ஒரு பொய் வரி எழுதமாட்டார். ஆகவே இதுவும் பொய்யில்லை, அவர் நம்புவதைத்தான் எழுதியிருக்கிறார். ஒரு டிக் பொய் என்று ஆன பிறகு, மற்ற எழுநூறு டிக்கில் எது நிஜம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவளே போட்ட கணக்குகள், பதினொரு வருடத்துச் சாயங்காலங்கள், எதுவுமே அந்தக் கட்டுரையில் இல்லை.

இல்லை, நான் போட்டேன், எழுநூறு தடவை உட்கார்ந்து போட்டேன், ஒரே ஒரு தடவைதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதற்கு அவளிடம் இருந்த சாட்சியெல்லாம் அந்தப் பச்சை டிக்குகள்தான்.

"என்ன, படிச்சிட்டியா?" என்றாள் அண்ணி.

"படிச்சிட்டேன்."

"நாளைக்குத் தபால்ல போடணும்னாரு. எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துரு. நீதானே எப்பவும் பாப்பே."

அவள் ஆறு வரியையும் முதலிலிருந்து கடைசி வரை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக இன்னொரு தடவை பார்த்தாள்.

"சரியா இருக்கு அண்ணி" என்று கையெழுத்துப் போட்டாள்.