என் குரலில் அக்கா பேசிய நாள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த பிறகுதான் தலவாக்கலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி அறைக்கு உதவியாளராக வந்தேன். அதனால், தெரபிஸ்ட்மாரோடு எங்களுக்கும் ஒருநாள் பயிற்சி என்றதும் பயந்துபோனேன். எழுதச் சொல்வார்களோ? இங்கிலீஷில் கேட்பார்களோ?

நோயாளிகளை உற்சாகப்படுத்துவது எப்படி என்பதுதான் பாடம் என்றார்கள். அது நமக்குக் கைவந்த வேலைதானே என்று கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரு நோயாளியை அழைத்து வரச் சொன்னார்கள். டயகமவிலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வரும் ஓர் அக்காவைக் கேட்டேன். அவரும் கொழுந்து எடுத்தவர்தான். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கடைசி இரண்டு தடவையும் கைப்பயிற்சிக்கு வரவில்லை. இப்படியே விட்டால் கை இறுகிப்போகும் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். போனில் கெஞ்சினேன்.

"இந்த ஒரு தடவதான் தங்கச்சி. அப்புறம் என்னைய விட்டுரு."

பயிற்சி கொடுக்க வந்த மிஸ் எங்களை இடம் மாற்றி உட்கார வைத்தார். நான் நோயாளி, அக்கா தெரபிஸ்ட். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா இடது கையை இடுப்பில் ஊன்றினார்.

"தூக்கு, தூக்கு! என்னா, காலையில திங்கலையா? நேத்து வந்த கெழவி தூக்குச்சு, ஒனக்கு என்னா கேடு? இப்புடியே கெட, ஒம் புருசன் தலையிலதான் பாரம்! அரைப்பேரு போட்டுருவேன், பாத்துக்க!"

அறையே சிரித்தது. தோட்டத்தில் அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதி வேலைதான் செய்தாய் என்று அர்த்தம். சிரிக்க வைக்கப் பகிடிக்கு நான்தான் அவரிடம் அப்படிச் சொல்வேன். அது மட்டுமா, அத்தனையும் என் வார்த்தைகள். ஒன்றுகூட விடவில்லை. நான் வேலை செய்த மலையில் கங்காணி போட்ட அதே சத்தம். அதைக் கேட்டு அழுதவள், அதையே உற்சாகம் என்று நினைத்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்!

கையைத் தூக்கப் பார்த்தேன். நல்ல கைதான். தூக்க முடியவில்லை.

"அக்கா, நான் இப்படியா பேசுனேன்?"

"கொறச்சுதான் சொன்னேன் தங்கச்சி. ஆளுக முன்னாடி ஒனக்கு வெக்கமா இருக்குமுல்ல."

அந்தக் கை எதற்கு வேண்டும் என்று அக்காவிடமே கேட்கும்படி மிஸ் என்னிடம் சொன்னார். எத்தனை மாதமாக அந்தக் கையில் பந்தைத் திணித்திருக்கிறேன்; இதை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டேன்.

"கொண்டைய நானே போடணும். வீட்டுக்காரரு போட்டா கோணக் கொண்டையாப் போகுது. லயத்துல குடியிருக்கிற அத்தன பேரும் சிரிக்குது."

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவின் முறை. விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழை வேறு. வரமாட்டார் என்றே முடிவுகட்டி, வாங்கி வந்த சீப்பை மேசைக்குள் போட்டேன். பத்தரை பஸ்ஸில், கோணல் கொண்டையோடு வந்து இறங்கினார்.

சீப்பை வலது கையில் கொடுத்தேன். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. வாய்வரை வந்த கங்காணிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டு திரும்பவும் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை கை நடுங்கி நடுங்கிக் காதுவரை போனது.

"என்னா தங்கச்சி," என்றார், கையை இறக்காமலே. "இன்னைக்கு திட்டக் காணோம்?"