மறந்தவர்கள் வராத சோதனை

ஞானாம்பிகையின் புருசன் பரமலிங்கத்தின் செத்தவீடு முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் உரும்பிராய் வாசிகசாலையில், நீரிழிவுக்காரரின் ஞாபகசக்தியைச் சோதிக்கவென்று ஒரு டொக்டர் வந்து குந்திவிட்டார். அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யுத்தகாலம். இன்சுலின் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த ஊருக்கு ஆராய்ச்சி ஒன்றுதான் குறைச்சல்!

பரமலிங்கம் கடைசிக் காலத்தில் மறதி முற்றி, தன் வெங்காயத்தை வாடவிட்டு அடுத்தவன் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர். இன்சுலின் ஊசி போட்டதை மறந்து மறுபடியும் போட்டார், பிறகு எழும்பவேயில்லை. இப்போது ஞானாம்பிகையின் தம்பி கதிரவேலுவுக்கும் அதே நீரிழிவு, அதே மறதி. ஊசியை அவனிடமிருந்து வாங்கி நீயே போட்டுவிடு என்று அவன் பெண்சாதி பத்மாவதியிடம் சொல்லிச் சொல்லி ஞானாம்பிகைக்கு வாய் நொந்துவிட்டது.

"ஊசியிலை கை வைச்சால் அவர் பாய்வார் மச்சாள். டொக்டர் சொல்லட்டும், செய்யிறன்" என்றாள் பத்மாவதி.

சோதனைக்கு ஆள் சேர்த்த வாசிகசாலைச் செயலாளர் மார்க்கண்டு, தீட்டுப்பட்ட துடக்கு வீடென்று ஞானாம்பிகையின் படலையை எட்டியும் பார்க்கவில்லை. கதிரவேலுவோ சோதனை நாளையே மறந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். வந்தவர்கள் எல்லாரும் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்லும் கெட்டிக்காரர்கள். டொக்டருக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் பல்.

துடக்கோடு உள்ளே போக முடியாது. பத்மாவதியையும் இழுத்துக்கொண்டு போய், வாசலில் நின்றபடியே ஞானாம்பிகை எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மா, நான் சோதிச்ச ஆக்களுக்கு ஒரு மறதியும் இல்லை. நீரிழிவு மூளையைத் தாக்கிறதாத் தெரியேல்லை" என்றார் டொக்டர்.

"மறந்தவை ஆர் தம்பி உங்களிட்டை வந்தவை? ஒருத்தர் சுடலையிலை, ஒருத்தன் தோட்டத்திலை."

"செத்தவையை நான் எப்பிடியம்மா சோதிக்கிறது?"

பத்மாவதியின் முகம் மலர்ந்தது. "பாத்தியளே மச்சாள், பயப்பிட ஒண்டுமில்லை."

ஞானாம்பிகைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த ஆண்டும் டொக்டர் வந்தார். அதற்கு முந்திய ஆவணியிலேயே கதிரவேலு ஊசியை இரண்டுதரம் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். ஞானாம்பிகை வாசிகசாலைக்குள் போனபோது, "இந்த முறையும் எல்லாரும் நல்ல திறம்" என்று டொக்டர் மார்க்கண்டுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு வருசம் பொறுத்து வாங்கோ தம்பி" என்றாள் ஞானாம்பிகை. "மறதிக்காரர் ஒருத்தரும் மிஞ்சமாட்டினம். உங்கடை முடிவு இன்னும் திறமா வரும்."