சொந்தத் தொகுதிக்காரர்

குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் எண்ணெய் ஆலை ஒன்றில் நான் பைப் ஃபிட்டிங் ஃபோர்மேன். எங்கள் சைட்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர் வட இங்கிலாந்துக்காரர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மற்ற வெள்ளைக்காரர்கள் ஏசி கேபினில் சாப்பிட, இவர் எங்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஊறுகாய் கேட்டு வாங்கித் தின்பார்.

ஊரில் தொழிற்சங்கம், கட்சி என்று அலைந்தவர். பார்லிமெண்ட் தேர்தலில் நிற்கக் கட்சியிடம் சீட் கேட்டிருக்கிறார். கட்சியோ லண்டனிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியது. பணக்காரப் பள்ளியில் படித்துவிட்டு, நேராக ஒரு தலைவரின் அலுவலகத்துக்குப் போனவராம். "என் ஊர்ப் பேச்சு டிவிக்கு ஒத்துவராதுன்னு சொன்னாங்க" என்று சிரிப்பார் இன்ஸ்பெக்டர். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

அந்த லண்டன்காரர் ஜெயித்து எம்.பி.யாகி, பிறகு துணை அமைச்சராகி, வர்த்தகக் குழுவோடு எங்கள் சைட்டுக்கே வந்தார். எங்களுக்குப் புது யூனிஃபார்ம் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். கம்பெனி டைரக்டரும் லண்டன்காரர்தான். "கைகுலுக்கு, சிரி, கலாஸ், அவ்வளவுதான்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அமைச்சர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தார். பேச்சைக் கேட்டுவிட்டு, "ஸ்காட்லாந்தா நீங்கள்?" என்றார்.

"இல்லை. உங்கள் தொகுதி."

அமைச்சரின் முகம் சிவந்தது. "பிரமாதம்!" என்று கேமராவைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கையை விடவில்லை. "நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மூடினப்ப ஏன் வாயே திறக்கலை? என் தங்கச்சி ஊசி போட ரெண்டு பஸ் மாறிப் போறா."

டைரக்டர் குறுக்கே வந்து அமைச்சரைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் ஒரே பள்ளிக்கூடமாம். தோளில் கைபோட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். கேட்ட கேள்வி வெயிலிலேயே நின்றது.

என் பக்கத்தில் நின்ற ராமநாதபுரத்துத் தம்பி மெல்லக் கேட்டான்: "அண்ணே, வெள்ளக்காரன்லயும் மேல கீழன்னு இருக்கா?"

"இருக்குடா. பாத்தேல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓட்டுப் போட்டவனின் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று தெரியாத ஆள், அவனுக்காக என்னத்தைப் பேசிக் கிழிப்பான்? இத்தனை வருஷம் எல்லா வெள்ளைக்காரர்களையும் ஒரே கூட்டம் என்று நினைத்திருந்த என் மீதும் கோபம் வந்தது.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டரின் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. 'ஆட்குறைப்பு' என்றார்கள். குறைத்தது அவர் ஒருவரைத்தான். டைரக்டரின் கேபின் வாசலில் போய், "ஏன் சார் அவர் மட்டும்?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பார்" என்று பதில் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டு திரும்பினேன். அன்று நான் விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை.

அவர் ஊருக்குப் போய் அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தோற்றார். அதே அமைச்சர்தான் ஜெயித்தார். போனில் நான்தான் கொதித்தேன். அவர் நிதானமாகப் பேசினார்.

"வேட்பாளர் எல்லாரையும் கூப்பிட்ட கூட்டத்துல, மேடையில என் பக்கத்துல அவனை உக்கார வச்சாங்க. ஆஸ்பத்திரி பத்தி ஊர் முன்னாடி கேட்டேன். நடுவுல வந்து இழுத்துட்டுப் போக ஆளில்லை. வேர்த்துப் போயிட்டான்."

"பதில் சொன்னாரா?"

"இல்லை. திரும்பவும் நிப்பேன்."