கிரேடருக்குள் இருந்த பம்ப்

எங்கள் கராஜில் நல்ல உதிரிப்பாகங்களைச் செத்த வாகனங்களுக்குள்தான் வைப்போம். களஞ்சிய அறை இருந்தது, அதற்குப் பூட்டும் இருந்தது. பிரச்சினையே அந்தப் பூட்டுதான். உள்ளே போன பொருள் வெளியே வரக் கையெழுத்துகள் வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எப்போதும் ஏதாவதொரு கூட்டத்தில் இருப்பார்கள். களஞ்சியத்தில் நல்ல பொருள் இருப்பது தெரிந்தால் பக்கத்துப் பிரதேச சபையிலிருந்து இரவல் கேட்டு ஆள் வரும். இரவல் போனது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முன் சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் துருப்பிடித்து நிற்கும் வாகனத்துக்குள் யாரும் கை விட மாட்டார்கள். பாம்பு இருக்கும் என்று நினைப்பார்கள். இரண்டு தடவை இருந்தது.

மாத்தளை நகரத்துக்குச் சற்று வெளியே, சபை வாகனங்களைப் பழுது பார்க்கும் இடம் அது. குப்பை லொறிகள், தண்ணீர் பௌசர்கள், டிராக்டர்கள், ஒரு பெக்கோ. முன்னால் வாளியும் பின்னால் மண் தோண்டும் நீண்ட கையும் உள்ள மஞ்சள் இயந்திரத்தைத்தான் இங்கே பெக்கோ என்கிறோம். நான் இரண்டாவது மெக்கானிக். அதற்கு முன் ஒரு பத்திரிகைக்கு இந்தப் பகுதிச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வேலையிலும் முதலில் செய்வது ஒன்றுதான். சொல்கிறவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அது உண்மையா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கைத்தொழில் தெரிந்த மூத்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நகரத்துக்காரர். அம்மன் கோயிலுக்கு அடுத்த தெருவில் வீடு. பெக்கோவை ஓட்டுகிற ஒப்பரேட்டர் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வேதக்காரர். பெக்கோவின் கண்ணாடியில் மாதாவின் படமும், முன்பு ஓட்டிய பௌத்தர் கட்டிய பிரித் நூலும், ஆயுத பூசைக்குப் பாஸ் வைத்த சந்தனப் பொட்டும் இருந்தன. பெக்கோவை யாருடைய கடவுளும் கைவிடக் கூடாது என்பதில் ஒப்பரேட்டர் கவனமாக இருந்தார். அவர் நிரந்தர ஊழியர் அல்ல. பெக்கோ ஓடும் வரைதான் அவருக்கு வேலை. அதைக் கண்டம் பண்ணினால், அதாவது இனி உதவாது என்று ஒதுக்கினால், மறுநாள் அவர் பஸ் ஏறத் தேவையில்லை.

பெக்கோவின் ஹைட்ரோலிக் பம்ப் தேய்ந்திருந்தது. எண்ணெயைத் தள்ளிக் கையைத் தூக்க வைப்பது அந்தப் பம்ப்தான். காலையில் எண்ணெய் குளிராக இருக்கும்போது கை ஒழுங்காகத் தூக்கும். வெயில் ஏறி எண்ணெய் சூடானால் பாதி வழியில் நின்று, பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தத்துடன் மெல்ல இறங்கும். ஆகவே ஒப்பரேட்டர் கடினமான வேலைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் வேலை நடப்பது போலவே இருக்கும்.

எங்களிடம் நல்ல பம்ப் ஒன்று இருந்தது. முன்பு சபையிலிருந்த இன்னொரு பெக்கோவைக் கழற்றி விற்றபோது பாஸ் எடுத்து வைத்தது. உரப்பையில் சுற்றி, பழைய கிரேடரின் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தோம். ரோட்டை மட்டப்படுத்தும் அந்தக் கிரேடர் ஓடி எவ்வளவோ காலமாகியிருந்தது. பம்ப்பை உடனே மாட்டலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“மாட்டிட்டா அப்புறம் ஸ்பெயார் எங்க இருக்கு?” என்றார் பாஸ்.

பம்ப் கிரேடருக்குள்ளேயே இருந்தது.

பிறகு கிரேடரைக் கண்டம் பண்ணி ஏலம் விட்டார்கள். கலேவெலயில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் எடுத்தார். வாங்கியதன் அடையாளமாகக் கிரேடரின் நெற்றியில் வெள்ளைச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒரு கோடும் இழுத்தார். ஏலத்தை நடத்திய பொறியியலாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும்தான் நின்றோம். பம்ப்பை ஒப்பரேட்டர் எடுத்துவிட்டார் என்று பாஸ் நினைத்தார். பாஸ் எடுத்துவிட்டார் என்று ஒப்பரேட்டர் நினைத்தார். ஸ்பெயாரைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்கப்பட்டதில்லை என்று நான் நினைத்தேன்.

வியாபாரியின் லொறி வந்தது அம்மன் கோயில் தேரன்று. தேர் வருகிற நாளில் கராஜில் ஆள் இருக்காது. வெறுங்காலோடு வடம் பிடிப்பவர்களுக்காக ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக எல்லாப் பௌசர்களும் டவுனுக்குப் போய்விடும். ஏதாவது ஒரு பௌசர் தேருக்கு முன்னால் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு நாங்களும் கூடப் போவோம். அந்த வருடம் எதுவும் நிற்கவில்லை. கராஜில் வாட்ச்சர் மட்டும் இருந்தார். அவர் கேட்டைத் திறந்து விட்டு, கிரேடரை ஏற்றவும் உதவியிருக்கிறார்.

“பாரமா இருந்துச்சு பாஸ். அந்த இரும்புக்கட நானா ஒரு நெக்டோ சோடா வாங்கித் தந்தாரு,” என்று மறுநாள் சொன்னார்.

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பெக்கோவை வைத்திருப்பதா, கண்டம் பண்ணுவதா என்று பார்க்க, ஏலத்தை நடத்திய அதே பொறியியலாளர் வருகிறார். வருவது மத்தியானத்துக்குப் பிறகு.

“மத்தியானத்துக்குப் பொறகா?” என்றார் ஒப்பரேட்டர்.

“சோறு தின்னுட்டு வருவாரு போல,” என்றார் பாஸ். “சரி, ஸ்பெயாரை எடு. மாட்டிருவோம்.”

“நீங்க குடுங்க, மாட்டுறேன்.”

“நான் எங்க வச்சிருக்கேன்? நீதானே எடுத்த.”

“நான் எங்க பாஸ் எடுத்தேன்?”

மூவரும் கிரேடர் நின்ற இடத்துக்குப் போனோம். நான்கு மரக்கட்டைகளும், புல் வளராத ஒரு நீள்சதுரமும் இருந்தன. பாஸ் ஒரு கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். அதற்குக் கீழே பம்ப் இருக்கும் என்று அவர் நிச்சயமாக நினைத்திருக்க மாட்டார்.

“அன்னிக்குப் பூரா பெக்கோவ மரத்து நெழல்ல நிப்பாட்டி வச்சா?” என்று ஒப்பரேட்டர் கேட்டார். “டேங்க் மேல ஈரச் சாக்குப் போட்டு?”

“ஐஸ் வாங்கி வைப்போமா?” என்றார் பாஸ். “மேல ரெண்டு செர்ரியும் வச்சு.”

ஒப்பரேட்டர் சிரிக்கவில்லை. பெக்கோவின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆள் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு,” என்று மட்டும் சொன்னார். தோட்ட வேலையை விட்டு வருவதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அடுத்த பௌர்ணமிக்கு வந்த போயா விடுமுறையில் நானும் அவரும் கலேவெலக்குப் போனோம். நேர் பஸ்ஸைத் தவறவிட்டதால் தம்புள்ளை சுற்றிப் போக வேண்டியிருந்தது. நாலந்தாவில் பஸ் நின்றபோது பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்து, ஆறியதும் ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டார்.

இரும்புக் கடை வயலோரம் இருந்தது. எங்கள் கிரேடர் பாதிதான் இருந்தது. பின்பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளை வட்டம் போட்ட நெற்றி மட்டும் எங்களைப் பார்த்து நின்றது. வியாபாரி எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க, வாங்க. சாமானத் தேடித்தானே வந்தீங்க?”

“எந்தச் சாமான் நானா?” என்றார் ஒப்பரேட்டர். நல்ல நடிகர் இல்லை.

“கிரேடருக்கு ஏன் ரெண்டு பம்ப் ஈக்கின்னு நானும் யோசிச்சேன். ஒண்டு கிரேடர்ட. மத்தது உரப்பையில படுத்து ஈக்கிது.”

அவர் கொட்டகைக்குள் போய்ப் பம்ப்பைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். துடைத்திருந்தது. அதன் பக்கத்திலும் வெள்ளை வட்டமும் கோடும் போட்டிருந்தது.

“இது சபைச் சாமான் நானா,” என்றார் ஒப்பரேட்டர்.

“கிரேடருக்குள்ள ஈந்த எல்லாம் கிரேடர்தான் மகன். பாம்புக் குட்டியும் ஈந்திச்சி. அதையும் ஏன்டதுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.” பம்ப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “ஒங்களுக்கு இது எதுக்கு?” என்று கேட்டார்.

ஒப்பரேட்டர் சொன்னார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மத்தியான வெயில், இறங்கும் கை, வரப்போகும் பொறியியலாளர், தன் வேலை. வியாபாரி கேட்டுக்கொண்டே பம்ப்பின் தண்டை விரலால் சுழற்றினார்.

“காசு வாணாம்,” என்றார் என்னைப் பார்த்து. “கவுமேந்து மெக்கானிக் நீங்க. ஏன்ட லோடர் மூணு மாசமா ஸ்டார்ட் ஆகுதில்ல. வந்த பாஸ்மார் எல்லாம் எஞ்சின எறக்கச் சொல்றானுங்க. அத ஓட வச்சிட்டு இதக் கொண்டு போங்க.”

இரும்பை அள்ளிப் போடும் அந்த லோடர் கடையின் மூலையில் கோழிகளோடு நின்றது. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மத்தியானம் வியாபாரி வீட்டிலிருந்து சோறு வந்தது. ஒப்பரேட்டர் சாப்பிடாமல் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில், முடி போல ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வெடித்த இடத்தை வெட்டி, மிச்சத்தைத் திரும்ப மாட்டி, காற்றை வெளியேற்றினோம். லோடர் கறுப்புப் புகையுடன் உயிர் பெற்றது. கோழிகள் கலைந்து ஓடின.

“இவ்வளவுதானா?” என்றார் வியாபாரி. அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. எங்களுக்கு இன்னும் கஷ்டமான வேலையாகக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியிருக்கும். ஆனால் பம்ப்பை உரப்பையில் அவரே சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பை ஒப்பரேட்டரின் மடியில் இருந்தது. கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. எண்ணெய் கசிந்து அவருடைய காற்சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ன அது, மீனா?” என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார்.

“இல்ல. என் வேலை,” என்றார் ஒப்பரேட்டர்.

கண்டக்டர் அதற்கு டிக்கெட் போடவில்லை.

மறுநாள் பம்ப்பை மாட்டினோம். பொறியியலாளர் சொன்னபடி சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். சிங்களத்தில்தான் பேசினார், நாங்களும் அப்படியே, ஐயாவுக்குப் பதில் மாத்தயா போட்டு. வாளி நிறைய மண்ணை அள்ளி, அப்படியே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒப்பரேட்டர் தூக்கினார். வெயில் சுட்டது. வாளி அசையவில்லை. பின்னாலிருந்த கையையும் தூக்கச் சொன்னார். அதுவும் மேலேயே நின்றது. ஒப்பரேட்டர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. மாதாவிடமா, மற்ற இரண்டு பேரிடமா என்று கேட்கவில்லை.

பொறியியலாளர் குனிந்து இயந்திரத்துக்கு அடியில் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

“இந்த வெள்ளை வட்டம் என்ன?”

பம்ப்பை மாட்டும் அவசரத்தில் அதைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“அடையாளம், மாத்தயா,” என்றார் பாஸ்.

“யாருடைய அடையாளம்?”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பொறியியலாளர் கிரேடர் நின்ற இடத்தைப் பார்த்தார். புல் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. பிறகு என் தோளில் கிடந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துப் பாஸிடம் கொடுத்தார்.

“கணக்காய்வுக்காரர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள்,” என்றார்.

பெக்கோ ஓடும் நிலையில் இருக்கிறது, சபையிலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். கேட் வரை போய்த் திரும்பி, உதிரிப்பாகங்களைக் களஞ்சியத்தில் வைப்பது நல்லது என்றும் சொன்னார். ஆமாம் மாத்தயா என்றோம்.

பழைய பம்ப்பில் இன்னும் பாதி உயிர் இருந்தது. அதைப் புதிதாகக் கண்டமான குப்பை லொறிக்குள் வைக்கலாம் என்று பாஸ் சொன்னார். ஒப்பரேட்டர் கையை விரித்துக் குறுக்கே நின்றார்.

“செத்ததுக்குள்ள ஒண்ணும் வைக்க வேணாம் பாஸ். நான் பாத்துக்கிறேன்.”

ஒப்பரேட்டர் பலகை வாங்கி ஒரு பெட்டி செய்தார். அதில் பழைய பம்ப், சில சீல்கள், ஒரு ரப்பர் குழாய் எல்லாவற்றையும் அடுக்கி, பெக்கோவின் சீட்டைக் கழற்றி, பெட்டியை அடியில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் சீட்டை மாட்டினார்.

இப்போது அவர் முன்பைவிட உயரமாக உட்கார்ந்திருக்கிறார். பள்ளங்களில் இறங்கும்போது தலை கூரையில் இடிக்கும். சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூரையில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் ஒட்டிக்கொண்டார்.