பாலுக்குப் போட்ட பெல்ட்

ஜெயசித்ராவின் அலுப்பு ஒரு நாள் வந்து மறுநாள் போகிற அலுப்பு இல்லை. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்வரை நின்றபடியே துணியை மடித்து மடித்துக் கவரில் போடவேண்டும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துவைக்கிற துணி, இடுப்பை விட்டு இறங்காத ஒன்றேகால் வயது மகன். இதற்கு நடுவில் சொந்தக்காரர்களோடு வாதாடவும் தெம்பு வேண்டுமென்றால், பாவம், அவள் எங்கே போவாள்?

வாதம் வந்தது ஒரு கார் சீட்டால். அவளுடைய தம்பி கௌதம்ராஜுக்கு ஓசூரில் வேலை. அக்கா மகனுக்குப் பேர் விட்டபோது தாய்மாமன் சீராக அவன் வெள்ளி அரைஞாண் கொண்டுவருவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவனோ காரில் பிள்ளையை உட்காரவைக்கிற சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேட்டு வாங்கியது ஜெயசித்ராதான். தேங்காய்த் தட்டு, பழத்தட்டுகளுக்கு நடுவில் அதுவும் மேளத்தோடு தெருவில் வந்தது. பட்டாபிஷேகம் எப்போது என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கௌதம்ராஜே அதைக் காரின் பின்சீட்டில் மாட்டினான். பிள்ளையின் முகம் பின்கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டி, அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தான். இந்த வயதில் உடம்புக்குத் தலைதான் கனம், கழுத்தில் பலம் இருக்காது, இப்படி உட்கார்ந்தால் பிரேக் போடும்போது அடியை முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும் என்று விளக்கமும் சொன்னான். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஆட்டியதோடு சரி. முதல் தடவை உட்காரவைத்ததும் பிள்ளை வீறிட்டு அழுதான். கார் ஓட்டிய அவள் புருஷன் வைகுண்டராஜுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அழவிட்டு அப்படி என்ன சட்டம் என்றான். அவனுடைய அக்கா பாண்டிசெல்வி, பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கூட்டிப்போகிறாள் என்று நாலு வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள். கெட்ட மனுஷி இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவள்தான். அதனால்தான் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சண்டை. சில நாள் ஜெயசித்ரா ஜெயித்தாள், பல நாள் விட்டுவிட்டாள். மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்து, சரி, இன்றைக்கு ஒருநாள் போகட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்தார்கள். குலதெய்வம் இருளப்பசாமி, கூமாப்பட்டிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறார். பிள்ளைக்கும் அவர் பேர்தான்; வீட்டில் அப்பு. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கலுக்கு வீட்டிலிருந்தே பால் கொண்டுபோகவேண்டும். போகிற வழியில் அதைத் தரையில் வைக்கக்கூடாது, ஒரு சொட்டு சிந்தவும் கூடாது. சிந்தினால் சாமி அந்தப் பொங்கலை ஏற்றுக்கொள்ளாது என்பார்கள். அந்தக் காலத்தில் தலையில் வைத்து நடந்தார்கள். இப்போது கார்.

சொந்தபந்தம் எல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டது. காரில் பொங்கல் பானையும் கரும்பும் டிக்கியை அடைத்துக்கொண்டன. பாண்டிசெல்வி பால் தூக்குவாளியை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கார்த்தரையும் தரைதான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். கடைசியில் அப்புவின் சீட் கண்ணில் பட்டது. தூக்குவாளியை அதில் இறக்கி, இரண்டு பக்கமும் துண்டைத் திணித்து, தோள்பட்டை வாரை இழுத்து, பூட்டையும் மாட்டிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு கச்சிதம். அந்தச் சீட்டில் அப்புவை ஒருநாளும் யாரும் அத்தனை அக்கறையாகக் கட்டியதில்லை.

அப்பு எங்கே உட்காருவான் என்று ஜெயசித்ரா கேட்டாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே மொட்டை போடப்போகிறோம், இங்கிருந்தே அந்த மடியில் போகட்டும், அதுதான் மரியாதை என்றாள் பாண்டிசெல்வி. மொட்டைக்காக ஓசூரிலிருந்து வந்திருந்த, அன்றைக்கு அவ்வளவு விளக்கம் சொன்ன கௌதம்ராஜுக்குக்கூட அந்தப் பேச்சில் முகம் மலர்ந்துபோயிற்று. பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். ஜெயசித்ரா வாயைத் திறந்தாள். அதிகாலையில் எழுந்து இருபது பேருக்குப் புளிச்சோறு கிளறிய கை கடுத்தது. மூடிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நுழையப்போகிற இடம். வேகம் ஒன்றும் பிரமாதம் இல்லை. பக்கத்துச் சந்திலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு பைக் திடீரென்று குறுக்கே வந்தது. வைகுண்டராஜ் பிரேக்கை மிதித்தான். பைக் ஓட்டியவன் தப்பித்துத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். காருக்குள் டப்பென்று ஒரு சத்தம். செத்த நேரம் அப்புவிடமிருந்து சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெயசித்ரா பின்சீட்டிலிருந்து எழும்பி முன்னால் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் அவன் அழுதான். முன்னால் இருந்த பலகையில் மோதி நெற்றி கிழிந்து, கண்ணை மறைத்து ரத்தம் வழிந்தது.

கௌதம்ராஜ் கபடி ஆடுகிறவன், உலக்கை மாதிரி கை. அந்தக் கையை விரித்து விரித்துப் பார்த்தான்.

"பிடிச்சிட்டுத்தான்க்கா இருந்தேன். ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு தையல் போட்டார்கள். தலைக்குள் ஒன்றும் இல்லையா என்று வெகுநேரம் வைத்திருந்து பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்றைக்கு எங்கேயும் அலையாமல் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், வாந்தி எடுத்தால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். நர்ஸ் வெள்ளைத்துணியை மடித்து அப்புவின் நெற்றியில் வைத்து ஒட்டினாள். அந்த மடிப்பு ஜெயசித்ராவுக்குத் தெரிந்த மடிப்பு. தினம் ஆயிரம் மடிக்கிறாள். யாரோ ஒருவருடைய பிள்ளைக்கு என்று இத்தனை நாளும் மடித்திருக்கிறாள்.

வெளியே காரடியில் பாண்டிசெல்வி அழுது முகம் வீங்கி நின்றாள். கதவைத் திறந்து தூக்குவாளியைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. மூடிகூட நகரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"பால் ஒரு சொட்டு சிந்தல ஜெயா. சாமி நம்மளக் கைவிடல. எல்லாரும் அங்க காத்துக்கெடக்காக, ஒரு எட்டுப் போயிட்டு வந்திருவமா?"

ஜெயசித்ராவுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்துவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும் அல்லவா.

"பால் சிந்தல மதினி. பிள்ளதான் சிந்திட்டான்."

வைகுண்டராஜ் வேனில் போனவர்களுக்குப் போன் செய்து, வேண்டுதலை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். ஜெயசித்ரா சீட்டின் பூட்டை அழுத்தித் தூக்குவாளியை எடுத்து மதினியின் கையில் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்புவை உட்காரவைத்து, வாரில் முறுக்கு இல்லாமல் தடவிவிட்டு இழுத்துப் பூட்டினாள். கௌதம்ராஜ் குனிந்து ஒருதடவை ஆட்டிப் பார்த்தான்.

கார் ராஜபாளையத்துக்குத் திரும்பியது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அப்பு வழக்கம்போல வீறிட ஆரம்பித்தான். கால்களை உதைத்தான். ஜெயசித்ரா பக்கத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மேட்டிலும் பாண்டிசெல்வியின் மடியில் பால் தளும்பி மூடியோரமாக வழிந்து பட்டுச்சேலையை நனைத்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பிள்ளை அழுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தையல் போட்ட பிள்ளை, இப்படி அழுகிறானே, செத்த நேரம் தூக்கிக்கொள்ளேன் என்று கெஞ்சினாள். வைகுண்டராஜும் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

ஜெயசித்ரா கண்ணைத் திறக்கவில்லை. பிடித்த பாதத்தையும் விடவில்லை.

"அழட்டும் மதினி. அழுறதுக்குப் பிள்ள இருக்கான்ல."