காலியாகத் திரும்பாத பென்டிரைவ்

தொப்பிக்குப் பேர்போன சுஸ்த் ஊரில் எங்கள் தெருவில் பூவேலை போட்ட தொப்பி தைக்காத வீடு இல்லை. ஆனாலும் கடைக்காரர்கள் ஹோசியத் அக்காவின் பாதாம் பூ டிசைனைத்தான் தேடி வருவார்கள். கணினியில் அவளே வரைந்தது. யாராவது உள்ளே நுழைந்தால் திரைமேல் துணியைப் போட்டுவிடுவாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சப்பிசினாறி.

கணினி மூச்சுவாங்க ஆரம்பித்தது. பழுது பார்க்கும் ஷவ்கத், புது சிஸ்டம் போட வேண்டும் என்றான்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும். வேணுங்கறத வெளிய காப்பி பண்ணி வச்சிருங்கக்கா."

பக்கத்து வீட்டு மத்லுபாவிடம் பென்டிரைவ் இரவல் வாங்கி அக்கா காப்பி செய்தாள். அதன் பிறகுதான் குழப்பம். அதே பூ இங்கேயும் இருந்தது, அங்கேயும் இருந்தது. எது அசல்? அங்கே அழித்தால் இங்கேயும் அழியுமோ? ஷவ்கத் வர நாளாயிற்று. இரவல் பொருளை வைத்திருக்க மனம் கேட்கவில்லை. அழிக்கவும் பயம். தவிர, எங்கள் தெருவில் வாங்கிய தட்டைக்கூடக் காலியாகத் திருப்புவதில்லை. மத்லுபா அதில் பாட்டுதானே கேட்பாள் என்று அக்கா அப்படியே கொடுத்துவிட்டாள்.

சாயங்காலமே மத்லுபா வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறைய, இறைச்சி வைத்துச் சுட்ட சம்சா வந்தது. எதற்கென்று அக்காவுக்குப் புரியவில்லை. சாப்பிட்டாள்.

ஒருவழியாக ஷவ்கத் வந்தான். "காப்பி பண்ணியாச்சா?"

"ஆச்சுப்பா."

சிஸ்டம் போட்டான். திரை பளிச்சென்று வந்தது. பூ இல்லை.

"பென்டிரைவக் குடுங்க, ஏத்திடலாம்."

"அதத் திருப்பிக் குடுத்துட்டேனே. காப்பி பண்ணுனாப் போதும்னியே?"

"வெளிய வைக்கச் சொன்னேங்க்கா. வெளிய குடுக்கச் சொல்லல."

அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வாசலில் நின்ற நானும் பின்னால் ஓடினேன்.

மத்லுபா நிதானமாகத் தேநீர் ஊற்றினாள். "பத்திரமா இருக்கு. இத்தன வருசம் ஒளிச்சு வச்சத நீயே மனசு வச்சு அனுப்பியிருக்க. நான் மட்டும் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்? தெருவுல எல்லாருக்கும் ஏத்திக் குடுத்துட்டேன். உன் பேரச் சொல்லித்தான் குடுத்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "உனக்குமா?"

"நேத்தே ஒரு தொப்பிக்குப் போட்டாச்சுக்கா. நீங்க குடுத்ததாத்தான் நெனச்சேன்."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பூ முழுசாக அவள் கணினிக்குத் திரும்பியது. மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் துணியை எடுத்துத் திரைமேல் போட்டாள். பிறகு அதை எடுத்து, பிசைந்து வைத்திருந்த மாவை மூடினாள். மத்லுபாவின் தட்டு இன்னும் அவளிடம்தான் இருந்தது.