பின்வாசலில் நின்ற ஊர்

வெட்டுக்காயத்தைப் பார்த்த மாத்திரத்தில், அரிவாளை வீசியவன் இடக்கைக்காரனா வலக்கைக்காரனா என்று முனீஸ்வரி சொல்லிவிடுவாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விபத்துப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருட நர்ஸ் வேலை. லாரி ஏறிய கால், மாடு குத்திய வயிறு, புருஷன் குழவிக்கல்லால் அடித்த மண்டை, எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். ரத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. கடைசிவரை பழகாதது தன் சொந்த ஊர்க்காரர்களின் மடத்தனம் மட்டும்தான்.

அவள் வார்டில் ஒரு ஷிப்டுக்கு நாற்பது பேர், பார்த்துக்கொள்ள மூன்று நர்ஸ்கள். கூட வேலை பார்த்த பிருந்தா, வண்டியூர்ப் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பெண், ஜெர்மனிக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் தனக்கு இரண்டே இரண்டு நோயாளிகள் என்று அவள் வீடியோ காலில் சொல்லும்போதெல்லாம் முனீஸ்வரிக்கு வயிறு எரியும். மற்ற நேரமெல்லாம் என்னடி செய்வாய் என்று ஒருமுறை கேட்டேவிட்டாள். ஆனாலும் தன் ஆஸ்பத்திரியை யாராவது குறை சொன்னால் விடமாட்டாள். ரத்த வங்கி இருக்கிறது, அறுந்த ரத்தக்குழாயைத் தைக்கத் தெரிந்த சர்ஜன் எந்நேரமும் இருக்கிறார். நூறு பேர் வந்தால் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துத்தான் போகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சாவு விழுவதும் உண்மை. சாகக்கிடப்பவர்களை எல்லாம் ஜில்லா முழுவதிலிருந்தும் அங்கேதானே கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

அவளுடைய ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனால், வேலைவெட்டியைப் போட்டுவிட்டு ஊரே வேன் பிடித்து வந்து, பிணவறை இருக்கும் பின்வாசலில் நிற்கும். அடுத்தவன் வீட்டுச் சாவுக்குப் போகாதவன் வீட்டுச் சாவுக்கு நான்கு பேர் தோள்கொடுக்க வரமாட்டார்கள். பிழைத்தவனோ, மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, டவுன் பஸ் ஏறி, சத்தமில்லாமல் வீடு போய்ச் சேர்வான். அவனைப் பார்க்க எவன் வேன் பிடிப்பான்? ஆக, ஊர் இத்தனை காலமும் பார்த்ததெல்லாம் அந்தப் பின்வாசலை மட்டும்தான். அங்கே போனால் பொட்டலமாகத்தான் திரும்பவேண்டும் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு முக்கில் ‘செல்லாயி நர்சிங் ஹோம்’ இருந்தது. எட்டுப் படுக்கை, ஒரு டாக்டர். வாசலில் பச்சை எழுத்தில் பலகை: ‘பதினோரு ஆண்டுகளில் ஒரு மரணம்கூட இல்லை.’ அது பொய்யில்லை. மேல்மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்தச் சீட்டுகளை வாங்கி வாங்கி முனீஸ்வரிக்கு அந்த டாக்டரின் கையெழுத்தே அத்துப்படி ஆகியிருந்தது.

அவளுடைய அண்ணன் பேயாண்டிக்கு அந்தப் பலகை வேதவாக்கு. நாலு ஏக்கர் வாழையும், கையில் ஒரு போனும், தெரியாத விஷயமே இல்லை என்கிற நினைப்பும் அவருடைய சொத்து. இந்தப் பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்தா பாரு முனீசு. ஜெர்மனியில வருசத்துக்கு ஆயிரம் பேர்ல பன்னெண்டு பேரு சாவுறான். நம்ம நாட்டுல ஏழுதான். அம்புட்டு டாக்டரு, அம்புட்டு மிசினு வச்சிருக்கவன் ஏன் கூடச் சாவுறான்? மிசினுதான் ஆளக் கொல்லுது.”

இதே கேள்வியை அவள் பிருந்தாவிடம் முன்பே கேட்டிருந்தாள். தன் வார்டில் எண்பதைத் தாண்டாத முகத்தைப் பார்ப்பதே அபூர்வம் என்று பிருந்தா சிரித்திருந்தாள்.

“அங்க சாவுறதுல முக்காவாசி கெழடு கட்டைகதாண்ணே. ஆண்டு அனுபவிச்சுட்டுப் போகுதுக. நம்ம ஊர்ல எளந்தாரி சாவுறான். எத்தன பேரு செத்தான்னு எண்ணாத, எந்த வயசுல செத்தான்னு பாரு. ஒன் நர்சிங் ஹோமும் அப்படித்தான். சாகப்போறவன எங்க தலையில கட்டிட்டு, அவன் போர்டு மாட்டிக்கிறான்.”

அத்தை சொல்வதுதான் சரி என்று செல்வக்குமார் குறுக்கே புகுந்தான். பேயாண்டிக்கு ஒரே மகன், இருபத்துநான்கு வயது. அத்தைக்கு ஒன்று என்றால் அப்பனையும் எதிர்த்துப் பேசுகிறவன். பேயாண்டி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

மாசி மாதம் கண்மாய் மீன் குத்தகை ஏலத்துக்கு வந்தது. ஆறு வருடமாகப் பங்காளி வீட்டார் வைத்திருந்த குத்தகையைச் செல்வக்குமார் எடுத்தான். ஏலம் முடிந்த ஐந்தாம் நாள், காலை எட்டரை மணி, பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவன் கிளாசை வாயருகே கொண்டுபோனபோது மூன்று பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். கழுத்துக்கு வந்த முதல் வெட்டைக் கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தன. இரண்டாவது வெட்டு வலது தொடையில் எலும்புவரை இறங்கியது. விழுந்தவனை மூன்றாமவன் முகத்தில் மிதித்துவிட்டு நிதானமாகப் பைக்கில் ஏறினான். ரத்தம் டீக்கடைத் தகரத் தடுப்பில் பீச்சியடித்தது.

முனீஸ்வரி அப்போது டூட்டியில் இருந்தாள். போனில் அண்ணன் அலறியது பாதி புரியவில்லை. ரத்தம் கசிகிறதா, பீச்சுகிறதா என்று மட்டும் கேட்டாள். பீச்சுகிறது என்றார்.

“மடக்குன கைய வச்சு அமுக்கச் சொல்லு. யாரு என்ன சொன்னாலும் கைய எடுக்கக்கூடாது. நூத்தியெட்டு வந்ததும் நேரா இங்க கொண்டாந்துரு. எங்கயும் நிப்பாட்டாதண்ணே. நான் எல்லாத்தையும் தயாரா வச்சிருக்கேன்.”

சொன்னபடியே வைத்திருந்தாள். சர்ஜன் ரம்யாஸ்ரீ கையுறை மாட்டி நின்றாள். தியேட்டரில் விளக்குப் போட்டாயிற்று. மருமகனின் ரத்த குரூப் அவளுக்குத் தெரியும், அண்ணனுக்கும் அதே குரூப்தான். இரண்டு பை ரத்தம் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியது. ஒன்பதேகால் மணிக்கு அவளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு முன்வாசலில் போய் நின்றாள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே கிளம்பியிருந்தது. பின்னால் உதவியாளர் ஒருவர் தொடையை மடக்கிய கையால் அமுக்கிப் பிடித்திருக்க, டிரைவர் அழகுபாண்டி விரட்டிக்கொண்டு வந்தான். பேயாண்டி முன் சீட்டில் இருந்தார். வெட்டியவர்களைத் துரத்தத் தூக்கிய அரிவாள் இன்னும் அவர் மடியில் கிடந்தது. முக்கு வந்ததும் வண்டியை நர்சிங் ஹோமுக்குத் திருப்பச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, அரைமணி நேரத்தில் போய்விடலாம் என்று அழகுபாண்டி கெஞ்சினான். பேயாண்டி அரிவாளை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினார். சட்டைக் காலரில் ரத்தம் இறங்கியது.

“எம் மகன அந்தப் பொணவாசலுக்கு ஓட்டிட்டுப் போறியா? திருப்புடா.”

பின்னாலிருந்து செல்வக்குமாரின் குரல் கேட்டது. “அத்தைகிட்டப் போப்பா.”

வண்டி திரும்பியது.

நர்சிங் ஹோமில் தொடையின் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். வெளியே ரத்தம் நின்றதும் பேயாண்டி அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே அறுந்த குழாய் அறுந்தபடியே இருந்தது. தொடை பானை மாதிரி வீங்கிக்கொண்டே வந்தது. ஏற்ற ரத்தம் இல்லாததால் சலைன் பாட்டிலைத்தான் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார்கள். முனீஸ்வரி கூப்பிடக் கூப்பிட அண்ணன் போனைத் துண்டித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பையன் உதடு வெளுத்து, நாடி கைக்கு எட்டாமல் போனபோது, டாக்டர் வழக்கம்போலச் சீட்டை எழுதி நீட்டினார். கழுத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அழகுபாண்டி வெளியிலேயே காத்திருந்தான். அவன் எப்போதோ போயிருக்கலாம். போகவில்லை.

பத்தே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்து விழுந்தவனைப் பார்த்ததும் முனீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ரம்யாஸ்ரீ தையலைப் பிரித்த மறுநொடி, உறைந்த ரத்தம் கட்டிகட்டியாகத் தரையில் கொட்டியது. ஒரு பை ரத்தத்தை ஏற்றப் பார்த்தார்கள். நரம்பெல்லாம் ஒட்டிப்போய், பாதிகூட உள்ளே இறங்கவில்லை. நின்றுபோன இதயத்தை ஓடவைக்க, முனீஸ்வரி மருமகனின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளையின் விலா எலும்பு அவள் உள்ளங்கைக்குக் கீழேயே முறிந்தது. முறிந்த பிறகும் அமுக்கினாள். பதினேழு நிமிடம் கழித்து ரம்யாஸ்ரீ அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

பேயாண்டி கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சலைன் கம்பியைப் பிடுங்கி முதல் அடியை ரம்யாஸ்ரீயின் நெற்றியில் இறக்கினார். அந்தப் பெண் சுவரில் மோதிச் சரிந்தது. அடுத்த அடி அவள் தலைக்கு இறங்குமுன் முனீஸ்வரி குறுக்கே கையை நீட்டினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நோயாளிகள் படுக்கையிலிருந்து உருண்டு ஓடினார்கள். “கொன்னுட்டீங்களேடி” என்று கத்தியபடி பேயாண்டி கண்ணாடிக் கதவில் ஓங்கிக் குத்தினார். கை மறுபக்கம் போய்த் திரும்பி வந்தபோது, அவர் மணிக்கட்டிலிருந்து மகனுக்குப் பீச்சியதைப் போலவே பீச்சியது.

ரத்தத்தைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்தார். நாக்குக் குழறியது.

“என்னைய நர்சிங் ஹோமுக்குக் கொண்டு போங்க. இங்க வேணாம்.”

முனீஸ்வரி அவர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒடியாத கையின் கட்டைவிரலை அந்தக் கிழிசலுக்குள் வைத்து அமுக்கினாள். விரலை எடுத்தால் எத்தனை நிமிடம் தாங்குவார் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் உலகத்திலேயே அவள் வெறுத்த ஒரே ஆள் அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். செல்வக்குமாருக்காக வந்த ரத்தத்தில் ஏற்றாமல் மிச்சமிருந்த இன்னொரு பை, சரிபார்த்து, அப்பனுக்கு ஏறியது. நெற்றியில் கட்டுப்போட்டுக்கொண்டு ரம்யாஸ்ரீயே அவர் கையைத் தைத்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிச் சாவுப் பதிவேட்டில் ஒரு பெயர் கூடியிருந்தது. நர்சிங் ஹோம் பலகையில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

மத்தியானம் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் புகுந்து அடித்ததற்குக் கேஸ் போட்டிருந்த போலீஸ், மகனைப் பார்க்க மட்டும் பேயாண்டியைக் கூட்டிப்போகச் சம்மதித்தது. மாவுக்கட்டுக் கையோடு முனீஸ்வரி அவருடைய கடைசி ஊசியைப் போட வந்தாள். ஊசி ஏறியதும் அவர் கேட்டார்.

“நேரா இங்க கொண்டாந்திருந்தா?”

அண்ணனுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்ல அவளால் முடிந்திருக்கும். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அழகுபாண்டி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“பொழச்சிருப்பாண்ணே. அவனே சொன்னானாம்ல, அத்தைகிட்டப் போகச் சொல்லி.”

கான்ஸ்டபிள் எழுப்பியதும் அவர் எழுந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகத் தன் காலால் நடந்து வெளியே வந்தார். பிழைத்து வந்த அவரைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. மூன்று வேன் பிடித்து வந்திருந்த ஊர், பின்வாசலில் அவர் மகனுக்காகக் காத்து நின்றது.